மிதவை விமானம் பறக்கவிட வேலூர்ப் பக்கம் எந்த ஏரி?

ஐப்பசி, கார்த்திகையில் மழை ஏமாற்றாமல் பெய்துவிட்டால் நம் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிந்து கோடி போகும். ஆர்.சி. விமானம், அதாவது ரேடியோ ரிமோட்டில் இயங்கும் சின்ன மாதிரி விமானம் ஓட்டுகிறவர்களுக்கு மிதவை ஆசை பிடிப்பதும் அப்போதுதான். சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு மிதவையை மாட்டினால் போதும், ஓடுபாதை தேடி அலைய வேண்டாம், ஏரி முழுக்க ஓடுபாதைதானே என்று தோன்றும். விமானம் வாங்குவது பெரிய வேலை இல்லை. 1.2 மீட்டர் இறக்கை நீளமுள்ள ஃபோம் விமானமும் அதற்குப் பொருந்தும் மிதவையும் ஆன்லைனிலேயே கிடைக்கின்றன. எங்கே பறக்கவிடுவது என்பதில்தான் அவசரப்படுகிறோம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர், பார்க்க அழகான தண்ணீர், இருப்பதிலேயே பெரிய தண்ணீர், இந்த மூன்றில் ஒன்றைத்தான் மனசு முதலில் எடுக்கிறது. மூன்றுமே பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும் என்பது என் எண்ணம். 2019-ல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்துக்குள் என்னென்ன இடம் இருக்கிறது, எது தேறும், எது தேறாது என்று பார்த்துவிடலாம்.

அதற்கு முன் எதை வைத்து அளக்கப் போகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கேள்விதான். கட்டுப்பாடு போனால் விமானம் யார் மேல் விழும்? தண்ணீர் நடுவில் நின்றுபோனால் அதை எடுக்க யார் இறங்கப் போகிறார்கள்?

முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள், மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகம், முன்னால் சுழலும் ப்ரொப்பல்லர். ஆள் நடமாட்டத்துக்கு மேலே அதைக் கொண்டுபோகக் கூடாது. இரண்டாவது கேள்வியை நிறையப் பேர் நினைப்பதே இல்லை. ஆனால் மிதவை விமானம் தண்ணீரில் நின்றுபோவது அபூர்வமான விபத்து இல்லை, அடிக்கடி நடப்பது. திரும்பும்போது பக்கக் காற்று ஒரு இறக்கையைத் தூக்கிக் கவிழ்த்துவிடும். ஆகாயத்தாமரை வேர் ப்ரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். பேட்டரி நினைத்ததற்கு முன்பே தீர்ந்துவிடும். கரையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி அது மிதந்துகொண்டிருக்கும்போது, கூட வந்த பையன் சட்டையைக் கழற்ற ஆரம்பிப்பான். அந்த நொடிதான் உண்மையான ஆபத்து. நம் ஏரிகளில் வண்டல் மண்ணும் சவுடும் எடுத்த குழிகள் இருக்கின்றன. இடுப்பளவு தண்ணீர் என்று நினைத்து நடந்தால் அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளம். நீச்சல் தெரிந்தவர்களும் இந்தக் குழிகளில் சேற்றில் சிக்கிப் போயிருக்கிறார்கள். ஆகவே நான் இடம் பார்ப்பது ஒரே கணக்கில்தான்: யாரும் தண்ணீரில் இறங்க வேண்டிய தேவையே வராத இடமாக இருக்க வேண்டும்.

முதலில் வானத்தைப் பாருங்கள்

2021 ட்ரோன் விதிகள் நம் விமானத்துக்கும் பொருந்தும். 25 கிலோவுக்கு மிகாமல், பொழுதுபோக்குக்காக, கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் பறக்கவிடுவதை அந்த விதிகள் மாதிரி விமானம் என்று தனியாகவே குறிப்பிடுகின்றன. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வான்வெளி வரைபடத்தில் நாடு முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் தூக்கவே கூடாது. நம் மாவட்டங்களில் இதை ஏதோ சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியாது. கிழக்கே அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. பி-8ஐ ரோந்து விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன, கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அங்கேதான். பயிற்சி ஹெலிகாப்டர்கள் தாழ்வாகவே பறக்கும். இந்தப் பக்கம் வேலூரை ஒட்டி அப்துல்லாபுரத்தில், சிறு நகரங்களுக்கு விமான சேவை தரும் உதான் திட்டத்தில் சேர்க்கப்பட்ட விமான நிலையம். எந்த ஏரியை மனசில் வைத்திருந்தாலும், போகிற அன்று காலையிலேயே வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும். நிறம் மாறக்கூடியது.

ஊருக்குள் இருக்கும் தண்ணீர்

வேலூர்க் கோட்டை அகழியை எல்லோரும் ஒரு தடவையாவது ஆசையாகப் பார்த்திருப்போம். அலையே இல்லாத தண்ணீர், பின்னால் கருங்கல் மதில். படம் எடுத்தால் அப்படி இருக்கும். வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் அது, சுற்றிலும் நாள் முழுக்க மக்கள், ஒரு பக்கம் பேருந்துச் சாலை. அகழியின் அகலத்துக்குள் விமானம் திரும்பவே இடம் கிடையாது. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

காட்பாடிக்காரர்களுக்குக் கழிஞ்சூர் ஏரியும் தாராபடவேடு ஏரியும் வாசலிலேயே இருக்கின்றன. தண்ணீர்ப் பரப்பு தாராளம்தான். ஆனால் காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் கரையில் இருப்பார்கள், கரைக்கு அந்தப் பக்கம் வீடுகள். மிதவை விமானம் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும், இறங்குவதற்கு முன் தாழ்வாக நெடுந்தூரம் வர வேண்டும். அந்தத் தாழ்வான பாதை யாருடைய மொட்டை மாடிக்கோ மேலே போகிறது என்றால் அந்த ஏரி நமக்கு ஆகாது. விடுமுறை நாளென்றால் பிள்ளைகள் ஓடிவந்து சுற்றி நிற்பார்கள். அவர்களைக் கோபிக்க முடியாது, நாமும் அப்படி ஓடியவர்கள்தான்.

சதுப்பேரி பெரியது. ஆனால் அதன் ஓரமாகக் குப்பை சேர்ந்த காலம் நீண்டது, குப்பை இருக்கும் இடத்தில் பருந்து வட்டமடிக்கும். கரும்பருந்து விமானத்தைப் பார்த்து ஒதுங்காது, சில சமயம் நேராகவே வரும். அப்துல்லாபுரமும் இந்தத் திசையில்தான். விட்டுவிடலாம்.

பாலாற்றில் வருடத்தின் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அதன் இன்னொரு முகமும் தெரியும். தடுப்பணைகளில் தண்ணீர் நிற்கும்போது ஆசை வரும், ஆனால் ஓடுகிற தண்ணீரில் நின்றுபோன விமானம் அணையைத் தாண்டிப் போய்விடும். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஆறு இது. கை காலில் தண்ணீர் படாமல் மிதவை விமானம் ஓட்ட முடியாது என்பதால் அதையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

கைவிட்ட கல்குவாரிகளில் நிற்கும் பச்சைத் தண்ணீர் பற்றி ஒரே வரி: கிட்டவே போகாதீர்கள். செங்குத்துச் சுவர், அடி தெரியாத ஆழம், விழுந்தால் ஏறப் பிடிமானம் கிடையாது.

மலையும் அணையும்

ஏலகிரி புங்கனூர் ஏரியில் படகுச் சவாரி நடக்கிறது. படகில் குடும்பங்கள் இருக்கும் தண்ணீருக்கு மேலே பறக்கவிடக் கூடாது, அத்தோடு முடிந்தது. படகு இல்லாவிட்டாலும் இன்னொரு சங்கடம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கீழே சுலபமாக எழும்பிய விமானம் அங்கே இன்னும் நீளமாக ஓடும். சின்ன ஏரியில் அந்த நீளம் கிடைக்காது.

குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும். கவுண்டன்யா ஆற்றின் குறுக்கே 11.5 மீட்டர் உயரத்தில் கட்டிய அணை, சுற்றி மலை. அந்த மலைதான் பிரச்சினை. முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று நீர்ப்பரப்பின் மேல் சுழலும். கரையில் நிற்கிறவருக்கு முகத்தில் இதமான காற்று அடிக்கும், நாற்பது அடி உயரத்தில் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்கும். நிறைந்த அணையில் தண்ணீர் மேலே வழிந்து போகும், மோட்டார் நின்ற விமானமும் அந்தப் பக்கம் நகரும். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் கவுண்டன்யா யானைச் சரணாலயம். யானைகள் இந்தப் பக்கமும் வந்துபோகும் காடு. அங்கே சத்தம் எழுப்புவதற்கு எனக்கு மனசு வராது.

காவேரிப்பாக்கம்

இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம். பல்லவர் காலத்து ஏரி, எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. நிறைந்திருக்கும்போது எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். இங்கே யார் மேலேயும் விழாமல் பறக்கவிட முடியும், அதில் சந்தேகமில்லை. முதல் கேள்விக்கு முழு மதிப்பெண்.

இரண்டாவது கேள்வியில்தான் இது சறுக்குகிறது. காற்று எத்தனை தூரம் தடையில்லாமல் தண்ணீர் மேல் ஓடுகிறதோ அத்தனை உயரம் அலை எழும். நம் அளவு விமானத்தின் மிதவை ஒரு கையகல உயரம்கூட இருக்காது. நாலு விரல் உயர அலை வந்தாலே, திரும்பும்போது கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தது கரைக்கு வரும், ஆனால் எந்தக் கரைக்கு? எட்டுக் கிலோமீட்டர் கரையில் எங்கோ ஓர் இடத்துக்கு, எப்போதோ. இன்னொன்றும் உண்டு. பெரிய பரப்பில் தூரம் கண்ணை ஏமாற்றும். மரமோ கட்டடமோ பின்னணியில் இல்லாததால் விமானம் எவ்வளவு தள்ளிப் போய்விட்டது என்றே தெரியாது. தண்ணீரில் தாழ்வாக நிற்கும் விமானத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலும் சரியாக எட்டாது. காற்றில் நன்றாகக் கேட்ட ரிசீவர், ஆன்டெனா நீர்மட்டத்துக்கு வந்ததும் தடுமாறும்.

பனிக்காலத்தில் இங்கே பறவைகள் கூட்டமாக இறங்கும். நாரை, நீர்க்காகம், கொக்கு, தாழைக்கோழி என்று ஏரி நிறைந்து கிடக்கும்போது, அவை ஓய்வெடுக்கும் தண்ணீருக்கு மேலே இரைச்சலோடு வட்டமடிப்பது நியாயமில்லை. கூட்டம் ஒரே வீச்சில் எழும்பினால் விமானத்துக்கும் அதோகதிதான். நல்ல அனுபவமும், மீட்க ஒரு படகும், காற்றே இல்லாத காலையும் சேர்ந்தால் மட்டும் காவேரிப்பாக்கம் சரி.

சோளிங்கர் போகும் பக்கம் மகேந்திரவாடி ஏரி இதைவிடச் சின்னது, வெட்டவெளி. முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலின் கல்வெட்டே மகேந்திர தடாகம் என்று இந்த ஏரியைச் சொல்கிறது. குகைக்கோயில் பக்கம் போகாமல் தள்ளி நின்றால் இடம் நல்ல இடம்தான். அரக்கோணம் அதிக தூரமில்லை என்பதால் வரைபடம் பச்சையாக இருந்தால் மட்டும் போங்கள், ஹெலிகாப்டர் சத்தம் கேட்ட உடனே இறக்கிவிடுங்கள்.

என் ஓட்டு எதற்கு

பெயர் தெரியாத நடுத்தர ஊர் ஏரிக்குத்தான். ஐம்பது, அறுபது ஏக்கர் நீர்ப்பரப்பு, கரைக்கு வெளியே வயல், கிட்டத்தில் உயர்மின் கோபுரம் இல்லை, கரை வரை வண்டி போகிறது. காட்பாடியிலிருந்து பொன்னை போகிற பக்கமும், வாலாஜாவுக்கு வடக்கேயும், குடியாத்தம் வட்டாரத்திலும் இப்படி நிறைய இருக்கின்றன. எதிர்க்கரை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், அலை பெரிதாக எழும்பாது, நின்றுபோன விமானம் அரை மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு கரையைத் தொடும். அந்தக் கரை நீங்கள் நிற்கும் கரையாக இருக்க வேண்டும். இதை நாம் முன்கூட்டியே தீர்மானிக்கலாம், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நம் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் ஏரியின் கரை பெரும்பாலும் கிழக்கில் இருக்கும், இரண்டு முனையும் மேற்கே வளைந்து பிறை மாதிரி நிற்கும். ஏரி நிறைந்திருக்கும் தை, மாசியில் அடிப்பது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. கிழக்குக் கரையின் நடுவில் நின்று பறக்கவிட்டால், நின்றுபோன விமானம் உங்களை விட்டு விலகி மேற்கே போகும். அங்கே கரை கிடையாது. சேறும் சீமைக்கருவேலமும்தான். ஆகவே தை மாதத்தில் கரையின் தெற்கு வளைவில் நில்லுங்கள். காற்று விமானத்தை உங்கள் பக்கமே தள்ளும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வெளிச்சமும் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. ஒரே ஒரு எச்சரிக்கை: காற்றுக்கு நேர் எதிராக இறக்க நினைத்தால் விமானம் உங்கள் தலைக்கு மேலே வரும். அதைச் செய்யாமல், மேற்கிலிருந்து தண்ணீருக்கு மேலாகவே கொண்டுவந்து கொஞ்சம் குறுக்காக இறக்குங்கள். மெல்லிய காற்றில் அது தாங்கும். ஆனி, ஆடியில் தண்ணீர் மிச்சமிருந்தால் கணக்கு மாறிவிடும். அப்போது மேல்காற்று. கிழக்குக் கரையில் நின்று காலையில் மட்டும் ஓட்டலாம், மாலையில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்.

நேரமும் முக்கியம். தை மாதப் பனி விலக எட்டு மணி ஆகிவிடும், பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடும். இடையில் கிடைப்பதுதான் நமக்கு. துளி அசைவில்லாத தண்ணீரும் நல்லதில்லை. மிதவையின் அடியில் படிக்கட்டு மாதிரி இருக்கும் வெட்டு, பளிங்கு போன்ற தண்ணீரிலிருந்து சட்டென்று பிரியாது. மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பான எலிவேட்டரை இழுத்துப் பிடித்து, மூக்கு தூக்கிக்கொண்டு உழுது, மெதுவாக விட்டதும் மிதவை மேலேறி வழுக்க ஆரம்பிக்க வேண்டும். சின்னச் சிற்றலை இருந்தால் இது ஐந்தாறு வினாடியில் நடக்கும், அலையே இல்லையென்றால் பாதி ஏரி போனாலும் ஒட்டிக்கொண்டே வரும். இறங்கும்போதும் கண்ணாடித் தண்ணீரில் உயரம் தெரியாது. மேற்பரப்பு லேசாகச் சுருங்கும்வரை காத்திருப்பது நல்லது.

கரையின் உட்பக்கம் பெரும்பாலும் கருங்கல் பதித்திருக்கும். ஃபோம் மிதவை அதில் ஒரு தடவை உரசினால் கிழியும். மாடு குளிப்பாட்ட இறக்கும் சரிவு ஒன்று எல்லா ஏரியிலும் இருக்கும், அங்கிருந்து விடுங்கள். மிகுதித் தண்ணீர் வழியும் கலங்கலிலிருந்தும் மதகிலிருந்தும் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். கோடி போகிற நாட்களில் அந்த ஏரிக்கே போகாதீர்கள்.

யாரிடம் கேட்பது

ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி நீர்வளத்துறையுடையது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஆனால் கரையில் நிற்கும்போது முதலில் நம்மிடம் வருகிறவர் மீன் குத்தகை எடுத்தவர். அவரைத் தேடி நாமே முன்கூட்டிப் போவதுதான் மரியாதை. "வலையில மாட்டினா யாரு தம்பி பொறுப்பு?" என்றுதான் முதல் கேள்வி வரும். நியாயமான கேள்வி. நரம்பு வலையின் மேல் விளிம்பில் தெர்மாகோல் துண்டும் தண்ணீர் பாட்டிலும் கட்டியிருப்பார்கள், இருபது அடி தள்ளிப் பார்த்தால் தெரியாது. தண்ணீரில் விமானத்தைத் திருப்ப மிதவையின் அடியில் இருக்கும் சின்னச் சுக்கான் அதில் கொக்கி போல மாட்டும். விமானம் அசையாது, வலை கிழியும். கிழிந்தால் அந்த இடத்திலேயே பணம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, வலை எங்கே இருக்கிறது என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். பரிசலோ ட்யூபோ அவரிடம் இருக்கும். நின்றுபோனால் எடுத்துத் தருவதற்கு அவருக்கு ஒரு தொகை பேசிக்கொள்ளலாம். அந்த ஏரியின் குழி தெரிந்தவர் அவர், நாம் இல்லை. அவர் இல்லாத நாளில் விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வானத்தில் ஏதோ சுற்றினால் கேமரா என்று நினைப்பார்கள், கரையில் துணி துவைக்கும் பெண்களுக்கு அது சங்கடம். கேமரா இல்லாத விமானம் என்று கையில் கொடுத்தே காட்டுங்கள்.

கூடவே ஒரு மீன்பிடித் தூண்டிலும் நுனியில் கட்டிய டென்னிஸ் பந்தும் இருந்தால், முப்பது மீட்டருக்குள் நின்ற விமானத்தைத் தாண்டி வீசிச் சுற்றி இழுத்துவிடலாம். சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஃபெயில்சேஃப் வேலை செய்கிறதா என்பதையும், விமானத்தைத் தண்ணீரில் வைத்தே சிக்னல் எட்டும் ரேஞ்சையும் சோதித்துக்கொள்ளுங்கள். நனைந்த லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைத் தனியாக ஒரு பக்கெட்டில் வைத்து வெளியே விடுங்கள். அன்று அதை சார்ஜ் போடக் கூடாது.

ஏரியைத் தேர்ந்தெடுக்கச் சரியான மாதம் தை இல்லை, சித்திரை. வெயிலில் ஏரி காய்ந்து கிடக்கும்போது நேரில் போய் உள்ளே நடந்து பாருங்கள். மண் எடுத்த குழி எது, வெட்டிவிட்டுப் போன கருவேல அடிமரம் எங்கே நிற்கிறது, பாறை எங்கே தலை நீட்டுகிறது என்று எல்லாம் தெரியும். போனில் படம் எடுத்து, கரையில் இருக்கும் பனைமரத்தையோ மதகையோ அடையாளம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஏரிகளை இப்படிப் பார்த்து வைத்தால், அடுத்த மழையில் எது நிறைகிறதோ அதற்குப் போகலாம்.